நேருக்கு நேர் ஜெயித்தது சிட்டி, கோப்பை செல்சிக்கா?

கேள்வி: இங்கிலாந்து பெண்கள் சூப்பர் லீக்கில் 2023-24 சீசன் முடிவில் செல்சிக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் தலா 55 புள்ளி. இருவரும் மோதிய இரண்டு ஆட்டங்களில் ஒன்று டிரா, ஒன்றில் சிட்டி வெற்றி. ஆனாலும் கோப்பை செல்சிக்குப் போனது. கடைசி இடத்தில் கிடந்த பிரிஸ்டல் சிட்டியை 8-0 என்று துவைத்து எடுத்ததற்கு ஒரு சாம்பியன் பட்டமா? இது அதிர்ஷ்டமா, அநியாயமா?
- ஒரு வாசகர்

பதில்: அதிர்ஷ்டம் என்றால்கூட ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வேன். அநியாயம் என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் போட்ட கோல்கள் என்பதுதான் அங்கே விதி. முதல் ஆட்டத்துக்கு முன்பே 12 அணிகளுக்கும் அது தெரியும். ஸ்பெயின் லீக்கில் நேருக்கு நேர் மோதிய முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்கிலாந்திலும் அப்படி இருந்திருந்தால் சிட்டிதான் சாம்பியன். ஆனால் அங்கே அப்படி இல்லை.

பிரிஸ்டலை வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள், அங்கிருந்தே வருகிறேன். இரு அணிகளும் 22 ஆட்டத்தில் 18 வெற்றி, 1 டிரா, 3 தோல்வி. செல்சி 71 கோல் போட்டு 18 வாங்கியது, வித்தியாசம் 53. சிட்டி 61 போட்டு 15 வாங்கியது, வித்தியாசம் 46. இடைவெளி ஏழு. பிரிஸ்டலிடம் செல்சி எடுத்தது 3-0, 8-0, மொத்தம் பதினொன்று. சிட்டி எடுத்தது 5-0, 4-0, மொத்தம் ஒன்பது. எட்டு கண்ணில் பட்டது, ஐந்தையும் நான்கையும் கூட்டிப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது. பிரிஸ்டல் ஆட்டங்களைப் பட்டியலிலிருந்தே கிழித்துப் போட்டாலும் செல்சி 42, சிட்டி 37.

அது மட்டுமல்ல. டாட்டன்ஹாமை அதன் சொந்த மைதானத்திலேயே 7-0 என்று அடித்தது யார்? சிட்டி. அப்போது யாரும் அநியாயம் என்று கடிதம் போடவில்லை. டாட்டன்ஹாமுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து சிட்டிக்குக் கிடைத்த வித்தியாசம் 9. செல்சி அங்கே 2-1, 1-0 என்று தட்டுத்தடுமாறி 2 மட்டுமே எடுத்தது. அதாவது அந்த ஒரு அணியிடம் மட்டும் சிட்டி ஏழு கோல் முன்னே.

அந்த ஏழும் ஆஸ்டன் வில்லாவிடம் போயிற்று. செல்சி வில்லாவை 6-0, 3-0 என்று வென்றது. சிட்டி இரண்டு முறையும் 2-1. ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் மூன்று புள்ளி வந்துவிடும், பயிற்சியாளரும் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் புள்ளிப் பட்டியலின் கோல் வித்தியாசக் கட்டத்தில் ஏறுவது ஒன்றுதான். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகவும் இதே கதை: சிட்டி இரண்டு முறையும் 3-1, செல்சி ஒரு முறை 3-1, மறுமுறை 6-0. முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆறப்போடுவதா, அடுத்த கோலுக்கு ஓடுவதா என்பதில்தான் இந்தக் கோப்பை முடிவானது.

சிட்டிக்குப் பரிதாபப்பட வேண்டுமென்றால் அதற்குச் சரியான இடம் வேறு. மே 1 அன்று செல்சி லிவர்பூலிடம் 4-3 என்று தோற்றது. பார்சிலோனாவுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடித் தோற்று நான்கே நாள் ஆகியிருந்தது. சிட்டிக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியே கிடையாது. செல்சி பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் அன்றே பட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று பேசிவிட்டார். பேசியதில் தப்பில்லை. சிட்டி 52 புள்ளி, செல்சி 46. செல்சி கையில் ஒரு ஆட்டம் கூடுதல், அவ்வளவுதான். கோல் வித்தியாசத்திலும் சிட்டி 46, செல்சி 38. மீதியிருந்த இரண்டு ஆட்டத்தில் ஒரு வெற்றி, ஒரு டிரா போதும். செல்சி தலைகீழாக நின்றாலும் எட்ட முடியாது.

மே 5, சொந்த மைதானத்தில் ஆர்சனலுக்கு எதிராக லாரன் ஹெம்ப் கோலில் 1-0 என்று சிட்டி முன்னிலை. 89ஆம் நிமிடம்வரை அதே நிலை. அதன்பின் ஆர்சனலின் ஸ்டினா பிளாக்ஸ்டேனியஸ் ஒன்று போட்டார், கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் போட்டார். 1-2. முதல் கோலுக்குப் பிறகு கதவை அடைத்துக்கொண்டு 1-1 என்று வெளியே வந்திருந்தால் சிட்டி 56 புள்ளியில் முடித்திருக்கும், உங்கள் கேள்விக்கே வேலை இருந்திருக்காது. அதே நாளில்தான் செல்சியின் 8-0. ஒரே பொழுதில் 46-38 என்று இருந்தது 45-46 என்று திரும்பிவிட்டது.

சிட்டியின் கதீஜா ஷா 21 கோலுடன் அந்த சீசனில் லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தவர். காலில் காயம் பட்டு, அவர் கடைசி ஆட்டங்களில் இல்லை. இதைச் சொல்லி சிட்டிக்கு வக்காலத்து வாங்கலாம். ஆனால் செல்சிக்கும் சாம் கெர் ஜனவரியிலேயே முழங்கால் தசைநார் அறுந்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் அதே மாதம் ஸ்பெயின் அணியான லெவான்தேயிலிருந்து கொலம்பியாவின் மய்ரா ராமிரேஸைப் பெரும் தொகை கொடுத்து வாங்கினார்கள். ஷாவுக்கு அடிபட்டபோது வீராங்கனைகளை வாங்கும் காலம் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. எப்போது அடிபடுகிறது என்பதில் செல்சிக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

நேருக்கு நேர் கணக்கைப் பெரிதாகப் பேசுகிறீர்களே, அக்டோபரில் நடந்த அந்த 1-1 ஆட்டம் நினைவிருக்கிறதா? சிட்டி 1-0 முன்னிலை. முதல் பாதியிலேயே சிட்டியின் அலெக்ஸ் கிரீன்வுட் நேரம் கடத்தினார் என்று இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். பிறகு ஹெம்பும் வெளியே. ஒன்பது பேருடன் தாக்குப்பிடித்தும் 96ஆம் நிமிடத்தில் செல்சியின் குரோ ரைட்டன் சமன் செய்தார். நடுவரின் விசிலுக்கு இவ்வளவு ஆடிப்போகும் 180 நிமிடத்தை வைத்துச் சாம்பியனைத் தீர்மானிப்பதைவிட, 22 ஆட்டத்தின் கோல்களைப் பார்ப்பது மேல் என்பதுதான் என் கட்சி.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிரிஸ்டல் தரமிறங்குவது, அதாவது அடுத்த சீசனில் கீழ் லீக்குக்குப் போவது, ஏப்ரல் 27 அன்றே உறுதியாகிவிட்டது, அதுவும் சிட்டியிடம் 4-0 தோற்று. இழக்க ஒன்றுமில்லாத அணியை எட்டு நாள் கழித்து செல்சி சந்தித்தது. யாரை எந்த வாரம் சந்திக்கிறோம் என்பது கோல் வித்தியாசத்தைப் பாதிக்கிறது. அட்டவணை போடும்போதே இதைத் தவிர்க்க வழியில்லை. கடைசி நாள் ஆட்டங்களை மட்டும் ஒரே நேரத்தில் தொடங்க வைக்கலாம், அதைச் செய்தார்கள்.

டாட்டன்ஹாமுடனான அந்த 1-0 வெற்றியும் சேர, கடைசி நாளான மே 18 அன்று ஆட்டம் தொடங்கும்போது இரு அணிக்கும் 52 புள்ளி, கோல் வித்தியாசம் செல்சிக்கு 47, சிட்டிக்கு 45. செல்சி போட்ட கோல்கள் ஆறு அதிகம் என்பதால் வித்தியாசம் சமமானாலும் செல்சிக்கே. ஆக, செல்சி எத்தனை கோலில் ஜெயிக்கிறதோ அதைவிட மூன்று அதிகமாக சிட்டி ஜெயிக்க வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் இரண்டாவது நிமிடமே ராமிரேஸ் கோல், இடைவேளைக்குள் 4-0, கடைசியில் 6-0. சிட்டிக்கு வில்லாவிடம் ஒன்பது கோல் வித்தியாசம் தேவைப்பட்டது. கிடைத்தது அதே பழைய 2-1.

ஹேய்ஸுக்கு இந்த விதி புதிதல்ல. 2014இல், எட்டு அணிகள், 14 ஆட்டங்கள் என்றிருந்த காலத்தில், செல்சி லிவர்பூலைவிட மூன்று புள்ளி முன்னிலையுடன் கடைசி நாளுக்கு வந்தது. அன்று சிட்டியிடம் 2-1 தோற்றது. லிவர்பூல் 3-0 ஜெயித்து 26 புள்ளியில் சமன் செய்து, கோல் வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்போதும் செல்சியின் பயிற்சியாளர் அவர்தான்.

2024-25இல் ஹேய்ஸ் அமெரிக்க அணிக்குப் போய்விட, சோனியா பொம்பாஸ்தோர் வந்தார். செல்சி 22 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் 60 புள்ளி எடுத்தது. இரண்டாமிடத்தில் ஆர்சனல் 48. கோல் வித்தியாசக் கட்டத்தைப் பார்க்கவே யாருக்கும் தேவை வரவில்லை.