மின்னழுத்தம் காட்டும் உட்கோளாறு

கேள்வி: லித்தியம் அயனி பேட்டரியைப் பிரிக்காமல், மின்னழுத்த அளவுகளைக் கொண்டே அதன் உட்கோளாறைக் கண்டறிய இயலுமா?

பதில்: பெருமளவுக்கு இயலும். தொடராக இணைந்த மின்கலங்களில் ஒரே மின்னோட்டமே பாய்வதால், அவற்றின் மின்னழுத்தங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டும். உள்ளே குறுக்குச்சுற்று தொடங்கிய கலமோ தன் மின்னூட்டத்தைத் தானே இழந்து, தொடக்கத்தில் சில மில்லிவோல்ட் அளவுக்கே பின்தங்கக்கூடும். சுமை மாற்றங்களுக்குள் மறைந்துவிடும் இச்சிறு விலகலை வெளிக்கொணர, ஒவ்வொரு கலத்தின் அளவிலிருந்தும் எல்லாக் கலங்களின் இடைநிலை மதிப்பை (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) கழித்து, எஞ்சுவதைத் தொடர்ந்து கவனிப்பதே எளிய வழி என்பேன். அந்த விலகல் மின்னோட்டத்துக்கேற்பக் கூடிக் குறைந்தால் இணைப்பின் மின்தடையை முதலில் ஐயுற வேண்டும். ஓய்விலும் வளர்ந்துகொண்டே போனால் கலத்துக்குள்ளேயே மின்னூட்டம் கசியும் உட்கசிவாக இருக்கக்கூடும், அதன் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் மின்னழுத்தம் 3.2, 3.3 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நிற்பதால், மின்னேற்றத்தின் இறுதிக்கட்ட அளவுகளே கூடுதல் தெளிவு தரும்.