வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தால் உரிமை போய்விடாது

கேள்வி: என் கணவர் கொத்தனார். வயது 40, தினக்கூலி 900 ரூபாய். 2025 மார்ச் மாதம் அடுக்குமாடிக் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தார். இடுப்பிலும் வலது காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. இனி சாரம் ஏற முடியாது என்கிறார் மருத்துவர். மேஸ்திரி 30,000 ரூபாய் கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். கட்டட நிறுவனமோ 'மேஸ்திரியைக் கேளுங்கள்' என்கிறது. பெல்ட் போடாதது அவர் குற்றமாம். எங்களுக்கு வழி உண்டா?

பதில்: வழி உண்டு, சகோதரி. முதலில் அந்தத் தாளைப் பற்றிய பயத்தை விடுங்கள். தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், பிரிவு 17 சொல்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. அந்தத் தாளை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள்தான் நிறைய.

2025 நவம்பர் 21 முதல், இந்தச் சட்டத்துக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் உங்கள் விபத்து அதற்கு முன்பே நடந்ததால் பழைய சட்டப்படியே கேட்கலாம்.

நிறுவனம் கைகழுவ முடியாது. தன் தொழிலுக்கான வேலையை மேஸ்திரியிடம் ஒப்படைத்தாலும், பிரிவு 12-ன்படி முதன்மை முதலாளி என்ற முறையில் அதுவும் பொறுப்பு. மனுவில் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். (சொந்த வீடு கட்டும் உரிமையாளர் மீது இந்தப் பிரிவைப் பயன்படுத்துவது கடினம், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

பெல்ட் விஷயத்தில், வெறும் கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. பெல்ட் கொடுத்து, போடச் சொல்லி, அவர் வேண்டுமென்றே மீறினார் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் அந்த வாதமும் எடுபடாது.

தொகையைப் பார்ப்போம். சட்டம் கணக்கில் எடுக்கும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். அதை, வயதுக்கு ஏற்பச் சட்ட அட்டவணை தரும் காரணியால் (40 வயதுக்கு 184.17) பெருக்கினால் 16,57,530 ரூபாய். பகுதி ஊனம் என்றால் வருமானத் திறன் எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதம். 40 சதவீதம் என்றால் 6,63,012 ரூபாய். மருத்துவச் சான்றிதழில் கவனம் வையுங்கள். இடது கையை இழந்த தச்சர் ஒருவரால் இனி தச்சு வேலை செய்யவே முடியாது என்பதால், அதை முழு ஊனமாக உச்ச நீதிமன்றம் 1975-லேயே ஏற்றது. எனவே கால் எத்தனை சதவீதம் பழுது என்பதோடு, கொத்து வேலைக்கு ஏற முடியாத நிலையையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். சிகிச்சைச் செலவைத் தனியே கேட்கலாம். பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாத இழப்பீட்டுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. நியாயமில்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

சம்பளச் சீட்டு இல்லையென்று தயங்க வேண்டாம். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், மேஸ்திரி பணம் அனுப்பிய செல்போன் பதிவு, கூட வேலை பார்த்த சித்தாளின் சாட்சியம் எல்லாமே உதவும். சித்தாள் அடுத்த ஊர் வேலைக்குப் போவதற்குள் அவருடைய முகவரியை வாங்கிவிடுங்கள்.

உங்கள் கணவர் பெயரில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா கட்டப்பட்டிருந்தால் மட்டும் இந்த வழி அடைபடும். ஊன உதவியை அங்கேதான் கேட்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து உதவிக்கும் விண்ணப்பியுங்கள். அது தனி, முதலாளியின் பொறுப்பை அது குறைக்காது.

விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2027 மார்ச்சில் அந்தத் தேதிக்கு முன், நீங்கள் வசிக்கும் பகுதிக்கான தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுங்கள். அவரே இழப்பீட்டு ஆணையர். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவசம்.