ஆறுதல் சொல்லாத பாட்டு

அன்புள்ள சார்,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையில் வாலிபர் கூட்டத்துக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன். வீட்டில் கேட்பது முழுக்க மெட்டல்தான், கிட்டார் இரைச்சலும் அலறலுமான ராக் இசை. போன மாதம் என் போனில் ஓடிய பாட்டைக் கேட்ட போதகர், "இது சாத்தானுடைய இசை" என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அது கிறிஸ்தவ பேண்ட், வரிகள் எல்லாம் வேதவசனம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. வரிகள் சரியாக இருந்தால் இசை எதுவாக இருந்தால் என்ன? புராட்டஸ்டண்ட் சபைகளைத் தொடங்கி வைத்த மார்ட்டின் லூத்தரே கள்ளுக்கடை மெட்டில்தானே பாட்டு எழுதினார்? பாட்டைத் திருப்பி ஓட்டினால் சாத்தான் துதி கேட்கும் என்கிறார்களே, உண்மையா? நல்ல கிறிஸ்தவ மெட்டல் பேண்டுகளின் பட்டியல் ஒன்றும் தர முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் தரமாட்டேன், இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. பாட்டைத் திருப்பி ஓட்டிக் கேட்க நேரம் இருக்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். லூத்தரின் கள்ளுக்கடை மெட்டு, கிட்டார் வாங்கிய கிறிஸ்தவப் பையன்கள் எல்லோரும் சொல்லும் கதை. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை அவர் 1535-இல் நாட்டுப்பாடல் மெட்டில் வெளியிட்டது உண்மைதான். ஆனால் 1539-இல் அந்த மெட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டார். அடுத்த தடவை அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், போதகர் பக்கம் போய் நின்றுகொள்வார்.

சாத்தானுடைய இசை என்பதற்கும் ஒரே பதில்தான். மெட்டலைத் தொடங்கி வைத்த பிரிட்டிஷ் பேண்ட் பிளாக் சாபத்தே 1971-இல், உன் ஆத்துமாவைப் பற்றி யோசித்திருக்கிறாயா என்று கேட்கும் ஒரு பாட்டைப் பதிவு செய்திருக்கிறது. வரிகளை எழுதிய கீசர் பட்லர் பர்மிங்காமில் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர். பின்லாந்தில் 2006 முதல் லூத்தரன் சபையே மெட்டல் ஆராதனை நடத்துகிறது. பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் அதே ஞானப்பாட்டுகளை கிட்டார் இரைச்சலோடு பாடுகிறார்கள். இதற்கு மேல் அந்த வழக்கில் எனக்கு ஆர்வமில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியில். 'வரிகள் சரியாக இருந்தால் இசை எதுவாக இருந்தால் என்ன?' தம்பி, இதைச் சொல்வதற்கா டிரம்ஸ் கற்றுக்கொண்டீர்கள்? நீங்களும் போதகரும் ஒரே கட்சி. இருவருக்கும் இசை வெறும் தபால் உறை. அவர் உறையைப் பார்த்துப் பயப்படுகிறார், நீங்கள் உள்ளே வசனம் இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிறீர்கள். அந்த டிரம்ஸ் தன் பங்குக்கு என்ன சொல்கிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஸ்டிரைப்பர் என்ற அமெரிக்க கிறிஸ்தவ மெட்டல் பேண்ட் தெரிந்திருக்கும். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடை, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டை வீசுவது. 1986-இல் வந்த அவர்களுடைய ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. எனக்கும் பிடிக்கும், ஆனால் அது கொண்டாட்டம். ஹோர்ட் அதற்கு நேர் எதிர். மார்டிஃபிகேஷன் என்ற கிறிஸ்தவ மெட்டல் பேண்டின் பழைய டிரம்மர் ஜேசன் ஷெர்லாக் ஆஸ்திரேலியாவில் தனியாளாக எல்லாவற்றையும் வாசித்து, பெயர் போடாமல் 1994-இல் வெளியிட்ட ஆல்பம். நார்வேயில் தேவாலயங்களை எரித்துக்கொண்டிருந்த பிளாக் மெட்டலின் அதே சத்தத்தில், அதைத் திட்டும் வரிகள். வெளியிட்ட ஜெர்மன் நிறுவனத்துக்குக் கொலை மிரட்டல் போனது. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பாட்டின் பெயரே 'இன்வெர்ட் தி இன்வெர்டட் கிராஸ்'. தலைகீழாக நட்ட சிலுவையைத் திரும்ப நிமிர்த்துவதோடு வேலை முடிந்துவிடுகிறது. எதிராளியிடம் கடன் வாங்கிய கோபம். அவர்கள் இல்லாவிட்டால் இந்த ஆல்பத்துக்குப் பேச எதுவும் இல்லை.

என் அப்பாவின் அம்மா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். திண்ணையில் பெண்கள் கூடி உட்கார, அத்தை மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். உபதேசியார் உள்ளே வந்து, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்கக் கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறார் என்று சொல்லி, ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எல்லோரும் அடங்கிப் பாடினார்கள், அத்தையும் பாடினாள். ராத்திரி கிணற்றடியில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த உருளியையே சாம்பல் போட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்தபடி, அந்தச் சத்தத்துக்குள் ஒளித்து ஒப்பாரியை முடித்தாள். பாதி ஆச்சிக்கு, மீதி ஆண்டவருக்கு. 'உமக்குக் கண்ணில்லையா, காது அடைஞ்சுபோச்சா' என்று வசவு. அடுத்த ஞாயிறு நற்கருணைக்கு முதல் வரிசையில் நின்றவளும் அவள்தான். அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று யார் சொல்வது?

பவுல் அழாதே என்று சொல்லவில்லை. லாசருவின் கல்லறை முன்னால் இயேசுவே அழுதார். சிலுவையில் அவர் கத்தியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், 22-உம் திரும்பும். 88 திரும்பாது. காலையில் கூப்பிட்டேன், ஏன் முகத்தை மறைத்துக்கொண்டீர், என் சிநேகிதர்களையும் விலக்கிவிட்டீர் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். ஆறுதல் இல்லை, ஆமென் இல்லை. அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நம் வாலிபர் கூட்டத்தில் யாராவது பாடிக் கேட்டிருக்கிறீர்களா? கீபோர்டில் நாலு கார்டு, கையை உயர்த்து, வெற்றி வெற்றி. போன வாரம் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த பையனும் அதையேதான் பாட வேண்டும்.

மெட்டல் எனக்கு முக்கியமாவது இங்கேதான். நார்வேயின் கிறிஸ்தவ மெட்டல் பேண்ட் ஆன்டெஸ்டரைக் கேளுங்கள். 1990-இல் தொடங்கியபோது அவர்களுக்கு கிரஷ் ஈவில் என்று சண்டைக்காரப் பெயர். அப்புறம் பெயரை மாற்றிக்கொண்டு, தங்கள் இசையை 'சாரோ மெட்டல்' என்றார்கள், துக்க மெட்டல். 1998 ஆல்பத்தை வெளியிட்ட ககோஃபோனஸ், சாத்தானிய வேடத்துக்குப் பேர்போன மெட்டல் பேண்ட் கிரேடில் ஆஃப் ஃபில்த்தின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே பிரிட்டிஷ் நிறுவனம். கிறிஸ்தவக் கடை அலமாரிக்காகச் செய்த சரக்கில்லை அது. வேகம் குறைந்து கிட்டார் இழுத்துக்கொண்டு போகிற இடங்களில் அந்தக் குரல் யாரையும் எதிர்த்துக் கத்தவில்லை. வலிக்கிறது, கத்துகிறது. வரிகளைத் தாளில் எழுதி வாசித்தால் சாதாரணம்தான். அந்தக் குரலும் அந்த மெதுவும் சேர்ந்தால்தான் அது ஜெபம். இதை எப்படி உங்கள் போதகருக்குப் பிரித்துக் காட்டுவீர்கள்?

அதனால் அவரிடம் போய் இசைக்கு அனுமதி கேட்காதீர்கள். வாலிபர் கூட்டத்தில் 88-ஆம் சங்கீதத்தைப் பாட அனுமதி கேளுங்கள். மெட்டு நீங்களே போடுங்கள், டிரம்ஸை எவ்வளவு மெதுவாக அடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக அடியுங்கள். கடைசியில் ஒரு அல்லேலூயா சேர்த்துக்கொள்ளச் சொல்வார். முடியாது என்று சொல்லுங்கள். சண்டை போடுவதென்றால் அதற்காகப் போடுங்கள்.