கார்டா, காசா? ஆஸ்பத்திரி பில் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆசிரியை: ஒருமுறைகூட அட்மிட் ஆகவில்லை. ஆனாலும் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) பிரிமியம் பாதிக்குப் பாதி ஏறிவிட்டதே, என்ன நியாயம்?

டீச்சர், கார்டு என்பது பொதுப் பானை. நீங்கள் அள்ளாவிட்டாலும், மற்றவர்கள் அள்ளியதை எல்லாரும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும். 2024-இல் நம் நாட்டில் மருத்துவச் செலவு 15 விழுக்காடு ஏறியது. ஆசிய பசிபிக் சராசரியோ 10 தான். அதோடு உங்கள் வயதுக்கான ஏற்றமும் சேர்ந்தால் இப்படித்தான் கடிதம் வரும். மக்கள் போட்ட சத்தத்தில் அந்த டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்துப் போடச் சொன்னது. 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, இருப்பதிலேயே சிறிய பிளானில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் ஏற்றவே கூடாது என்றது. சுமை தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

பிறை, தொழிற்சாலை ஊழியர்: டாக்டர்கள்தானே அக்கா கொள்ளையடிக்கிறார்கள்?

தம்பி, டாக்டர் கட்டணத்துக்குச் சட்டத்திலேயே உச்சவரம்பு அட்டவணை உண்டு. 2013-இல் அதை ஏற்றினார்கள். மருந்து, கையுறை, ஊசி, லேப் இவற்றுக்கெல்லாம் அப்படி ஒரு கூரை கிடையாது. நான் பார்த்த பெரிய பில்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவுண்டரில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே "கார்டா, காசா?" என்பதுதான். காசு என்றால் நோயாளியும் கணக்குப் பார்ப்பார், டாக்டரும் "இந்த ஸ்கேன் அவசரமில்லை" என்பார். கார்டு என்றால் அந்தப் பேச்சே வராது. காய்ச்சல் விட்ட பிறகும் "கார்டு இருக்கே, இன்னும் ஒரு ராத்திரி இருந்துட்டுப் போறேன்" என்பவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மறைப்பானேன், என் மாமியாரை நானே அப்படி ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தேன்.

ஜெலுத்தோங்: இந்தோனேசியாக்காரர்கள் வந்துதானே விலை ஏறுகிறது?

அந்த 15 விழுக்காடு நாடு முழுவதற்குமான கணக்கு. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வருகிறவர்கள் மேல் போட முடியாது. நான் பார்த்தவரை அவர்களில் பலர் கைக்காசு கட்டுகிறவர்கள், நாலு இடத்தில் எஸ்டிமேட் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். நம்மவர்களுக்கு அந்தப் பழக்கம் வரட்டும். ஆனால் இந்தச் சின்னத் தீவில் ஆஸ்பத்திரிகள் ஆளாளுக்குப் பெரிய மெஷின் வாங்கினால், அந்தக் கடன் யாராவது ஒருவர் பில்லில்தான் ஏறும்.

பிரிக்பீல்ட்ஸ், காப்புறுதி முகவர்: டிஆர்ஜி என்று நோய்வாரியாக ஒரே தொகை போடும் முறை வரப்போகிறது என்கிறார்கள். பில் குறையுமா?

குடல்வால் ஆபரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒவ்வொரு பஞ்சும் தனியாக எண்ணப்படுகிறது. பொருள் கூடக் கூட வருமானமும் கூடும். டிஆர்ஜியில் இந்த நோய், இந்தத் தீவிரம், இதற்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே ஒரு தொகை. மிச்சப்படுத்தினால் மருத்துவமனைக்கு லாபம், வீணடித்தால் அதன் நஷ்டம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் 1983-லேயே இதற்கு மாறத் தொடங்கியது.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, பயமும் உண்டு. தையல் காயும் முன்னே வீட்டுக்கு அனுப்பலாம். சாதாரண கேஸைத் தீவிர கேஸ் என்று எழுதலாம். பில்லிங்கில் இருந்தவளுக்கு அந்த வித்தை தெரியும். அதனால் டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேர் திரும்ப அட்மிட் ஆகிறார்கள் என்பதையும் யாராவது எண்ண வேண்டும். அப்புறம், 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். அதை ஆரம்பத்திலேயே கிளினிக்கில் அடக்காவிட்டால், சிறுநீரகம் கெட்டு வரும் டையாலிசிஸ் செலவை எந்த டிஆர்ஜியும் குறைக்காது.

பாயான் லெப்பாஸ்: மருந்தை வெளியே வாங்கலாமா?

தாராளமாக. டாக்டரிடம் சீட்டு கேளுங்கள், கொடுப்பார். 1 மே 2025 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பிராண்டுக்குப் பதில் ஜெனரிக் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

செபராங் ஜெயா, 57 வயது: கார்டை நிறுத்திவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போகலாமா?

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), ஸ்பெஷலிஸ்டுக்கு 5 வெள்ளி. சிகிச்சையில் குறை சொல்ல மாட்டேன், காத்திருப்புதான் நீளம். ஆனால் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள் அண்ணே. இந்த வயதில் மறுபடி சேரப் போனால், இருக்கிற நோயை ஒதுக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். முதல் சில ஆயிரத்தை நீங்களே கட்டும் பிளானுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். பிரிமியம் நன்றாகக் குறையும்.

ஆயர் ஈத்தாம்: முழு விவர பில் கேட்டால் முகம் சுளிப்பார்களா?

சுளிக்கட்டுமே. கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை, சட்டத்தில் இருக்கிறது. ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வரிவரியாக என் முன்னால் படித்தார். கூட நின்ற மகன் வெட்கத்தில் நெளிந்தான். போடாத இரண்டு டிரிப் பாட்டில் அதில் இருந்தது. நான்தான் அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.