மேரி – பெர்சி ஷெல்லி: கல்யாணம் எந்த ஆண்டு, கசப்பு எங்கே தொடங்கியது?

கேள்வி: கல்லூரிக் கட்டுரைக்காக, ஆங்கிலக் கவிஞர் பெர்சி, ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதிய மேரி என்ற ஷெல்லி தம்பதியைப் பற்றிப் படிக்கிறேன். திருமணம் 1814 என்கிறார்கள், 1816 என்கிறார்கள். எது சரி? கசப்புக்கு மற்ற பெண்கள்தான் காரணமா?

பதில்: 1814 ஜூலை 28 அன்று இருவரும் லண்டனிலிருந்து பிரான்சுக்கு ஓடிப்போனார்கள். மேரிக்கு அப்போது வயது 16. பெர்சிக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த ஹாரியட் இரண்டாம் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். 1816 டிசம்பர் 10இல் ஹாரியட்டின் உடல் லண்டனில் சர்ப்பென்டைன் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டது. அதே மாதம் 30ஆம் தேதி சர்ச்சில் கல்யாணம். 20 நாளில் ஏன் இந்த அவசரம்? ஹாரியட்டின் பிள்ளைகளைக் கேட்டு வழக்காட, முறையான குடும்பம் என்று காட்ட வேண்டியிருந்தது. பலிக்கவில்லை, 1817இல் நீதிபதி எல்டன் பிரபு பிள்ளைகளைத் தர மறுத்துவிட்டார். திருமண ஆண்டு 1816தான். ஆனால் கதையை 1814இல் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் குழந்தையே விடுபட்டுப்போகும்.

மற்ற பெண்கள் விஷயம் பொய்யல்ல. ஆனாலும் அதையே அச்சாக வைத்தால் கட்டுரை வம்புப் பேச்சாகிவிடும். ஒரு தாளில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஊர்களையும் மறுபக்கம் பிள்ளைகளையும் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை மார்ச் 6இல் இறந்தது. சில நாள் கழித்து மேரியின் நாட்குறிப்பில் ஒரு கனவு வருகிறது: குழந்தை குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, கணப்பருகே தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டது.

மகள் கிளாரா விஷயத்தில்தான் கசப்பின் வேர் இருக்கிறது. மேரி இத்தாலியின் பதுவாவில் இருப்பதாகக் கவிஞர் பைரனிடம் சொல்லிவிட்ட பெர்சி, அந்தப் பொய்யைச் சமாளிக்க மேரியை உடனே அருகிலுள்ள எஸ்தேக்குப் புறப்பட்டு வரச் சொன்னார். ஒரு வயதுக் குழந்தையோடு கோடை வெயிலில் இத்தாலியைக் குறுக்கே கடந்த பயணம் அது. வழியில் நோயுற்ற கிளாரா 1818 செப்டம்பர் 24இல் வெனிஸில் இறந்தாள். 1819 ஜூன் 7இல் ரோமில் மூன்று வயது மகன் வில்லியமும் போனான். அதன்பின் மேரி இறுகிப்போனார், பெர்சி விலகிப்போனார்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று. 1815 மே முதல் 1816 ஜூலை வரையிலான நாட்குறிப்பு தொலைந்துவிட்டது. ஜெனிவாவில் ‘பிராங்கன்ஸ்டைன்’ உதித்த இரவை 'நாட்குறிப்பில் எழுதினார்' என்று போடாதீர்கள். அது 1831 பதிப்பின் முன்னுரையில், 15 ஆண்டு கழித்து எழுதியது.

பெர்சியை முழு வில்லனாக்கவும் வேண்டாம். 1822 ஜூன் 16இல் கருச்சிதைவில் மேரிக்கு ரத்தம் நிற்காமல் போயிற்று. மருத்துவர் வந்து சேரும் முன்பே பெர்சி அவரைப் பனிக்கட்டியில் உட்காரவைத்துப் பிழைக்கவைத்தார். ஆனால் ஜூலை 8இல் கடலில் மூழ்கி இறந்தது பெர்சிதான்.