இறுக்கிப் பின்னினால் முடி கொட்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. மாமியார் தினமும் எண்ணெய் வைத்து, இழுத்து இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டுகிறார். நெற்றியோரம் முடி மெலிகிறது. நிறுத்தச் சொல்லலாமா?
- வாசகி, திருவாரூர்

பதில்: பின்னலை நிறுத்தாதீர்கள் அம்மா, இழுப்பதை மட்டும் நிறுத்துங்கள். இப்படி ஓரங்களில் மெலிவது பெரும்பாலும் இழுவையால்தான். இப்போதே தளர்த்தினால் மறுபடி வளரும். வருடக்கணக்கில் விட்டால் வேர் கெட்டு, வழுக்கை நிலைத்துவிடும்.

என் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, என்னைக் கீழ்ப்படியில் உட்காரவைத்துப் பின்னுவார். மூன்று கால் பிரித்து முதல் பின்னல் போட்டதும் பிடரியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். நுழையாவிட்டால் அவிழ்த்து மறுபடி ஆரம்பம்தான். என் புருவம் மேலே ஏறினாலும் அப்படியே. ஈரத்தலையைப் பின்னவே மாட்டார். ஈர முடி இழுபட்டுச் சட்டென்று அறுந்துவிடும். அப்புறம், ராத்திரி ரிப்பனை அவிழ்த்துத் தளர்வாக ஒற்றைப் பின்னல்.

என் சடங்குக்குப் பூ ஜடை தைத்ததும் அவர்தான். வாழைமட்டையை ஜடை அகலத்துக்கு நறுக்கி, மல்லிகை மொட்டுகளை நெருக்கமாக வைத்துத் தைத்து, நுனியில் குஞ்சலம். அவ்வளவு ஆசையாகத் தைத்தவர், பாரம் இழுக்கும் என்று போட்டோ எடுத்ததுமே கழற்றிவிட்டார்.

மாமியாரிடம் இந்தச் சுண்டுவிரல் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.