சுயதொழில் செய்பவரின் மனைவிக்கு வதிவிட அட்டை

வணக்கம் சகோதரி. போர்ச்சுகல் குடிமகனான உங்கள் கணவர் ஜெர்மனியில் சொந்தமாகத் தச்சுப் பட்டறை நடத்தியும், வருமானம் போதாதென்று கூறி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் விண்ணப்பத்தை அலுவலர் வாங்க மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் அவர்கள் குடும்பத்தாரும் உறுப்பு நாடுகளில் வசிக்கும் உரிமையைக் கூறும் ஒன்றியச் சட்டமான 2004/38 நெறிமுறையின் 7ஆம் பிரிவு, போதிய பணவசதி என்னும் நிபந்தனையை மாணவர்களுக்கும் வேலை செய்யாதவர்களுக்குமே விதிக்கிறது. ஊழியருக்கும் சுயதொழில் செய்பவருக்கும் அது கிடையாது. ஆனால் தொழில் பெயரளவில் இல்லாமல் மெய்யாகவே நடப்பதைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், தொழில் பதிவுச் சான்றோடு நிறுத்திவிடாமல், வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த பில்களையும் பணம் வரவான வங்கிப் பக்கங்களையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள் (என் அனுபவத்தில் பேசுபவை இவைதான்). விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியை உடனடியாகவும், அட்டையை ஆறு மாதத்துக்குள்ளும் தர வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.